துக்க மணியும் லைன் கிளியரும்

போன மாதம், நான் வேலை பார்த்த துணை மின்நிலையத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே ஆபரேட்டராக வந்தவர். "அண்ணே, சங்கத்து மலருக்கு ரிட்டயர் ஆனவங்க ஆளுக்கொரு கட்டுரை எழுதணும்னு முடிவாயிருக்கு. நீங்க லைன் கிளியர் பத்தி எழுதிக் குடுங்கண்ணே" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வாய் சும்மா இருக்காமல், இப்போதெல்லாம் லைன் கிளியர் எப்படித் தருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"ரூல்படி போன்லதாண்ணே. ஆனா அவசரம்னா குரூப்புல ஒரு மெசேஜ் போட்டுருவாங்க. நாங்க கட்டைவிரலப் போட்டா ஓகேன்னு அர்த்தம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்க மனசு ஆறவில்லை. கம்பத்தின் மேல் ஒருத்தன் உயிர் ஒரு மஞ்சள் கட்டைவிரலில் தொங்குகிறது. சாயங்காலம் டிவியைப் போட்டால் அது அதற்கு மேல் இருந்தது. உலகப் படத்தில் சிவப்பு அம்புகள் பாய்கின்றன. நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து கத்துகிறார்கள். பின்னால் ஒரு எண்ணெய்த் தொட்டி எரிகிறது. அந்தத் தொட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். போன சண்டைக்கும் அதுதான் எரிந்தது, அதற்கு முந்தின சண்டைக்கும் அதுதான்.

"அதான் நம்ப மாட்டேங்கிறீங்கள்ல, அப்புறம் எதுக்கு தினம் உக்காந்து பாக்குறீங்க?" என்று என் மனைவி கேட்பாள். அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் கீரனூரில் இருந்துகொண்டு வெளிநாட்டுச் செய்தி எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். அங்கே ஏதாவது வெடித்தால் இங்கே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேச்சு நின்றுபோகும். பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்தால் நம்ப முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அலுத்துப்போன ஆள் நான். லைன் கிளியர் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் செய்தியைப் பற்றியும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதலில் தெரியாதவர்களுக்காக லைன் கிளியர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெளியே ஒரு லைனில் வேலை நடக்க வேண்டுமானால், லைன்மேன் நிலையத்துக்குப் போன் செய்து அந்த லைனைக் கேட்பார். ஆபரேட்டர் பிரேக்கரை நிறுத்தி, யார்டுக்குள் போய் சுவிட்சைத் திறந்து, அதன் கத்தி போன்ற மூன்று தகடுகளும் விலகி நிற்பதை நிமிர்ந்து பார்த்து, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையை மாட்டிவிட்டு வருவார். பிறகுதான் போன். எந்த லைன், எத்தனை மணி, யார் தருவது, யார் வாங்குவது என்று இவர் சொல்ல, அவர் அதை வரி பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு இவர் குறித்துக்கொள்வார். வேலை முடிந்ததும் வாங்கியவரே தன் குரலில் திருப்பித் தர வேண்டும். அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார், நான் சொல்கிறேன் என்று வேறு யார் வந்தாலும், கலெக்டரே வந்தாலும், லைனில் கரண்டு விடக் கூடாது.

இதெல்லாம் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான். பயிற்சி முடிந்த கையோடு மறந்தும் போனது. மறக்கவிடாமல் செய்தவர் ஆரோக்கியசாமி சார்.

சார் எங்கள் உதவிப் பொறியாளர். ஆவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பார், அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கும். போனில் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "நீ பாத்தியா, கேட்டியா?" டிரான்ஸ்பார்மர் புகைகிறது சார் என்றால் நீ பாத்தியா, கேட்டியா. கம்பி அறுந்து கிடக்கிறதாம் சார் என்றால், "'தாம்'னா யாருய்யா?" என்பார். எல்லாம் சொல்லி முடித்ததும் "திருப்பிச் சொல்லு" என்பார். திருப்பிச் சொன்னால் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. அப்புறம் "குறிச்சாச்சு" என்று வைத்துவிடுவார். அந்த ஒரு வார்த்தை வரும்வரை எங்களுக்கு மூச்சு வராது.

நாங்கள் அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. சாருக்குக் கல்யாணம் ஆனபோது பாதிரியார் கேட்ட கேள்விக்கு "திருப்பிச் சொல்லுங்க ஃபாதர்" என்றிருப்பார் என்று பேசிச் சிரிப்போம்.

டீ நேரத்தில் பேப்பரை எடுத்தால் வெளிநாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார். கையில் சிவப்புப் பென்சில். செய்தியில் எவனாவது ஒருத்தன் தன் கண்ணால் பார்த்துச் சொன்னதாக இருந்தால் அதன் கீழே கோடு போடுவார். தெரிகிறது, கூறப்படுகிறது, நம்பப்படுகிறது என்று வருவதையெல்லாம் விட்டுவிடுவார். படித்து முடித்தால் பக்கம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். "இன்னிக்கு உலகத்துல பாத்தவன் ரெண்டே பேருதான்யா" என்று மடித்து வைப்பார். நான் உலகச் செய்தி படிக்கப் பழகியது அப்படித்தான். ஒருமுறை எங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு செய்தி வந்து நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது, "பிடிச்ச சேதியா? அப்ப இன்னொரு தடவ தட்டிப் பாரு" என்றார். அன்றைக்கு எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

சாருடைய கேள்வியின் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு முகூர்த்த நாளில். குடுமியான்மலை ரோட்டில் ஒரு இன்சுலேட்டர் மாற்ற வேண்டியிருந்தது. நான்தான் ஷிப்டில் இருந்தேன். எல்லாம் முறைப்படி செய்து சின்னையா என்கிற லைன்மேனுக்கு லைன் கொடுத்தேன். மழை மூடிய பகல். பக்கத்து வீடுகளில் எல்லாம் விளக்கு அணைந்து கிடக்கிறது. லைன் செத்துவிட்டது என்பதற்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்றுதான் எவனும் நினைப்பான். சின்னையாவும் நினைத்தான். அங்கே நின்றிருந்த சார், "ராடப் போட்டியா?" என்று கேட்டார். பூமியோடு இணைத்த ஒரு கோலால் கம்பியை முதலில் தொட்டுப் பார்ப்பது வழக்கம். அதைத்தான் ராடு என்போம். "அதான் ஊரே இருட்டாக் கெடக்கே சார்" என்றான் அவன். சார் பேசாமல் நின்றார். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் அவன் ராடைப் போட்டான். பட்டென்று நீலமாகப் பொறி பறந்தது.

கீழே இறங்கி வந்த சின்னையா ரோட்டோரத்தில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். நாங்கள் லைனை நிறுத்தியது உண்மை. ஆனால் கொஞ்ச தூரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், கரண்டு போனதும் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் லைனிலிருந்து ஜெனரேட்டரைப் பிரிக்கும் மாற்று சுவிட்ச் வைக்காமல் நேராக இணைத்திருக்கிறார்கள். அந்தக் கரண்டு மண்டபத்துப் பக்கமிருந்து டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னால் ஏறி எங்கள் கம்பிக்கு வந்துவிட்டது. இதற்கு எங்கள் பாஷையில் பேக் ஃபீடு என்று பெயர். சார் மண்டபத்துக்குப் போனார். சத்தம் போடவில்லை. "லைனை நாங்க சாகடிச்சோம். நீங்க ஒங்க பக்கமிருந்து உசுரு குடுத்துட்டீங்க. அணைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பந்தியில் உட்காரச் சொன்னவர்களைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். சாரும் ஓய்வு பெற்று, நானும் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது.

சாருடைய ஒரே மகன் பிரான்சிஸ் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். அந்தப் பக்கம் சண்டை மூண்டு, டிவிக்காரர்கள் கொண்டாட்டமாக இருந்த நாட்கள். நான் வழக்கம்போல் காலையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்தில் குண்டு விழுந்தது என்றார்கள். நம்ம எண்ணெய்த் தொட்டி எரிந்தது. நான் அலுப்போடு சேனலை மாற்றப் போனபோது கீழே எழுத்து ஓடியது. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த மின் பணியாளர் பலி. அடுத்து ஒரு படம் வந்தது. கோட்டும் சூட்டும் போட்ட கல்யாணப் படம். நான் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன். அது பிரான்சிஸ்.

அவ்வளவு காலம் எதையும் நம்பாதவன் அந்தப் படத்தை ஒரே பார்வையில் நம்பிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் பாதிப் பேர் கையிலிருந்த போனில் அதே படம் ஓடிக்கொண்டிருந்தது. சாருடைய ஊரில் இறங்கும்போது கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. கிறிஸ்தவர்கள் இருக்கும் ஊரில் பழகியவர்களுக்கு அந்த அடி தெரியும். துக்க மணி.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுவிட்டார்கள். உள்ளே சாருடைய மனைவி மேரி டீச்சரைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பிரான்சிஸின் மனைவி ஸ்டெல்லா அழக்கூட இல்லை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சார் வெளியே வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்ததும், "ராமையா, போயிட்டான்யா" என்றார்.

எனக்கு என்ன வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சார், யாரு பாத்தது?"

சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. சாருடைய தம்பிதான் பதில் சொன்னார். "மூணு சேனல்ல வந்துருச்சுங்க. இன்னும் என்ன பாக்கணும்?"

சார் தலையை லேசாகத் தூக்கினார். அந்தப் பழைய மௌனம் கொஞ்சம் தெரிந்த மாதிரி இருந்தது. நான் அங்கிருந்து தெருப் பக்கம் போனேன். அங்கே வேப்ப மரத்தடியில் பைக்கைச் சாய்த்துக்கொண்டு ஒரு நிருபர் நின்றிருந்தார். நடுத்தர வயது, என்னைப் போலவே களைத்த முகம். மைக்கைக்கூட எடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்தச் சேதி ஒங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் மறைக்கவில்லை. "காலைல ஆபீஸ்ல இருந்து இந்தப் படத்த அனுப்பி, இந்த ஆளு உங்க ஏரியாவான்னு கேட்டாங்கண்ணே. நான் ஊருக்குப் போன் பண்ணி விசாரிச்சேன். எங்க ஊருதான், போன் போகலைன்னு சொன்னாங்க. போன் போகலைன்னு மட்டும்தான் நான் அனுப்புனேன். அவங்க பலின்னு போட்டுட்டாங்க. எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா இங்க வந்து எறங்குனா மணி அடிக்குது. அப்புறம் என்னண்ணே, உறுதின்னு சொல்லிட்டேன். அதப் பாத்துத்தான் மத்த ரெண்டு சேனலும் போட்டான்."

கோயில் நாலு எட்டில் இருந்தது. மணிக்கயிறு பக்கத்தில் உபதேசியார் நின்றிருந்தார். ஊரில் ஜெபம் சொல்வதும் மணி அடிப்பதும் அவர் வேலை. அவரிடம் எதற்கு அடித்தீர்கள் என்று கேட்டேன். "படத்தோட டிவியில வந்துச்சுங்களே" என்றார்.

ஆக, டிவியைப் பார்த்து மணி. மணியைப் பார்த்து டிவி. அந்தப் படம் ஆபீசுக்கு எப்படிப் போனது என்பதுதான் பாக்கி. திரும்பி வந்து ஸ்டெல்லா முன்னால் உட்கார்ந்து, "அம்மா, அந்தக் கல்யாணப் படத்த யாருக்காவது அனுப்பினியா?" என்று கேட்டேன்.

அவள் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "விடியக்காலம் அவுகளுக்குப் போன் போகல. அங்க இருக்குற நம்ம ஆளுக குரூப்புல நான்தான் போட்டேன். யாராச்சும் பாத்தீங்களான்னு."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். நான் வெளியே வந்து சாரிடம் சொன்னேன். "சார், அங்கேருந்து ஒரு சேதியும் வரல. இந்த வீட்டுல இருந்து போனதுதான் சுத்திக்கிட்டு இந்த வீட்டுக்கே வந்துருக்கு."

சார் என்னையே பார்த்தார். "பேக் ஃபீடா?" என்றார்.

"ஆமா சார்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "பேக் ஃபீடுன்னா லைன் செத்துத்தான்யா இருக்கும். அன்னிக்கு நம்ம லைன் செத்துத்தான இருந்துச்சு" என்றார். அவர் சொன்னது சரி. டிவி சொன்னது பொய் என்பதால் மகன் உயிரோடு இருக்கிறான் என்று ஆகிவிடாது. "தெரியாதுய்யா. இப்போதைக்கு நமக்குத் தெரியாது. அவ்வளவுதான்" என்றார்.

அழுவதற்கும் வழியில்லாமல், சிரிப்பதற்கும் வழியில்லாமல், தெரியாது என்று உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்பதை அன்றுதான் பார்த்தேன். மனிதர்கள் ஏன் டிவி சொல்வதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள் என்பதும் அன்றுதான் புரிந்தது. சாவாக இருந்தாலும் அது ஒரு முடிவு. எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. எல்லாம் பொய், எல்லாம் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறான் என்று அடித்துச் சொல்லும். அதுவும் முடிவைப் பிடித்துக்கொள்வதுதான். இரண்டு பேருமே ராடு போடாதவர்கள்.

"ஸ்டெல்லாவோட போன் எங்க?" என்று கேட்டேன். சாருடைய தம்பி அதை அணைத்து பீரோவுக்குள் வைத்திருந்தார். தெரியாத நம்பரிலிருந்தெல்லாம் கூப்பிட்டுத் தொல்லை பண்ணுகிறார்களாம். சார் போனிலும் டீச்சர் போனிலும் துக்கம் கேட்பவர்கள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவன் உசுரோட இருந்தா எந்த நம்பருக்குப் பேசுவான்?" என்றேன்.

ஸ்டெல்லா எழுந்து போய் பீரோவைத் திறந்தாள்.

போனை உயிர்ப்பித்து என் கையில் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் நடந்துகொண்டதைப் பார்த்து அந்த ஊரில் எனக்கு மரியாதை மிஞ்சியிருக்காது. யார் கூப்பிட்டாலும், "சேதி உறுதியில்ல, லைன் வேணும், வையிங்க" என்று சொல்லி வைத்தேன். ஸ்டெல்லாவின் பெரியம்மா அழுதுகொண்டே பேசினார், அவரையும் வைத்தேன். டிவியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "அம்மா லைவ்ல ரெண்டு வார்த்தை பேசுவாங்களா சார், அழுதாலும் பரவால்ல" என்றார். அவரிடம் மட்டும் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. "எழவு வீட்டுல வந்து ஆபீஸ் நடத்துறாரு" என்று சாருடைய தம்பி காதுபடச் சொன்னார். சார் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவ்வளவுதான், தம்பி அடங்கிவிட்டார்.

மத்தியானம் கோயிலில் பன்னிரண்டு மணி ஜெபத்துக்கு மணி அடித்தது. வழக்கமான மணிதான். ஆனாலும் உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள் உட்பட எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். அது அடங்கிய கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். எடுக்கப் போனேன். அதற்குள் சார் எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார். சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"யார் பேசுறது?" என்றார். பழைய குரல். உதவிப் பொறியாளர் குரல்.

"அப்பா..."

"பேரச் சொல்லு."

"அப்பா, நான்தாம்ப்பா, பிரான்சிஸ். எத்தன தடவப்பா போடுறது, யாருமே எடுக்கல..."

"எங்கேருந்து பேசுற?"

"ஆஸ்பத்திரிலருந்துப்பா. நர்ஸம்மா போனு. என் போன் போயிருச்சு. கால்ல அடி, வேற ஒண்ணுமில்ல. உசுரோட இருக்கேம்ப்பா."

உள்ளேயிருந்து டீச்சர் ஓடி வந்தார். சார் அவரைக் கையால் தடுத்து நிறுத்திவிட்டு, போனைப் பார்த்துச் சொன்னார்.

"திருப்பிச் சொல்லு."

"என்னப்பா?"

"சொன்னதத் திருப்பிச் சொல்லு."

அவனும் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைதானே. அப்பா போனில் இப்படிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். புரிந்துகொண்டான். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "பிரான்சிஸ் பேசுறேன். ஆஸ்பத்திரில இருந்து பேசுறேன். உசுரோட இருக்கேன்."

சார் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "குறிச்சாச்சு" என்றார். சொன்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா போனைப் பிடுங்கிக்கொண்டாள். நான் மரத்தடிக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நிருபரும் அழுதுகொண்டிருந்தார்.

வைப்பதற்கு முன் பிரான்சிஸ் இன்னொன்றும் சொன்னான். அவன் அறையில் கூடத் தங்கியிருந்த பீம் பகதூர் என்ற நேபாளத்துப் பையன் இறந்துவிட்டான். "என் பக்கத்துலதாம்ப்பா. நான் பாத்தேன். அவன் வீட்டுக்கு இன்னும் யாரும் சொல்லலப்பா" என்றான்.

சாயங்காலம் டிவியில் மறுபடியும் பிரான்சிஸ் வந்தான். அதே கல்யாணப் படம். உயிருடன் இருப்பது தெரியவந்ததாம், அதுவும் அவர்களுடைய செய்தியின் எதிரொலியாகத்தானாம். காலையில் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. சாருடைய தம்பி கடைக்கு ஓடி மிட்டாய் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். அதை வாயில் போட்டுக்கொண்டு நான் அந்த இன்னொரு வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு மலைமேட்டில் அந்நேரம் ஒரு தாய் அடுப்பைப் பற்றவைத்திருப்பாள். மகன் நன்றாக இருக்கிறான் என்ற நினைப்பில்தான் இருந்திருப்பாள்.

பஸ்ஸுக்குக் கிளம்பினேன். சார் என்னோடு தெருவில் நடந்து வந்தவர், கோயில் முன்னால் நின்றார். உபதேசியாரைக் கூப்பிட்டு, "துக்க மணி அடிக்கணும்" என்றார்.

உபதேசியார் பயந்துவிட்டார். "சார், தம்பிதான் பேசிட்டாரே..."

"அவனுக்கில்ல. பீம் பகதூர்னு ஒரு புள்ள."

"நம்ம வேதக்காரப் புள்ளையா சார்?"

"கரண்டு வேதம் பாத்தாய்யா பாயுது? அடிங்க."

மணி அடித்தது. அன்று ஊர் இரண்டாவது தடவையாக வெளியே வந்தது. ஆளாளுக்குப் போனை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. காலையில் என்னை முறைத்த சாருடைய தம்பி மிட்டாய்ப் பொட்டலத்தோடு ஓடி வந்து, "டிவியில ஒண்ணும் வரலையேண்ணே, யாரு சொன்னா?" என்று கேட்டார்.

சார் கோயில் படியில் நின்றபடி, "பாத்தவன் சொன்னான்" என்றார்.

தம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.